பின்பலகை

நெரிஞ்சிப்பேட்டைக் கரையில்
நாலு லாரி டயர்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள் படகை.
பதினெட்டு வருசமாம்.
நீலம் அடித்து மூணு நாள்கூட ஆகியிருக்காது,
வைத்த கையில் ஒட்டியது.

"ஃபைபருங்க. மரமா என்ன, மக்கிப் போறதுக்கு?"
துண்டு நுனியால் இல்லாத தூசியைத் தட்டினார் சென்னியப்பன்.
"நங்கையா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துரலாமா?"
கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.
அக்கரையில் பூலாம்பட்டிச் சனம்
அடுத்த படகுக்கு நிற்பது தெரிந்தது.
தலைக்குப் பன்னெண்டு ரூபாய் என்று
மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

நான் துணிக்காரி.
ஜலகண்டாபுரத்தில் எட்டுத் தறியை
எடைக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
எனக்கு இது படகில்லை,
கண்ணாடி நூலில் நெய்து
பசை ஊற்றிக் காயவைத்த துணி.
துணி பொய் சொல்லாது. கஞ்சி சொல்லும்.

பைக்குள் ஒரே ஒரு தறி நாடா மிச்சம்.
அதன் பித்தளை மூக்கால்
முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன்.
சத்தம் கேட்டு இல்லை.
இருபத்திரண்டு வருசத் தறிச்சத்தத்தில்
இடது காது செத்துவிட்டது,
வலது பாதி.
ஒரு கையால் தட்டி
மறு கையை உள்பக்கம் வைத்துப் பார்த்தேன்.
எந்தத் தறியில் ஊடை அறுந்ததென்று
வெறுங்காலால் தரையிலேயே கண்டுபிடித்தவள்.

விளிம்பெல்லாம் சுரீரென்று வந்தது.
அடிவயிற்றில் சரி.
நடுவில், உட்காரும் பலகைக்குக் கீழே,
ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் சோம்பல்.
குறித்துக்கொண்டேன்.
பின்பலகைக்கு வந்தபோது
உள்ளங்கைக்கு ஒன்றுமே வரவில்லை.
ஈரச் சாக்கைத் தட்டினதுபோல
அடி உள்ளே போனது, போனதுதான்.

இன்னொருதரம் தட்டினேன்.
என்ஜினைப் பிடித்து மேலும் கீழும் அமுக்கினேன்.
பலகையும் கூடவே மூச்சு விட்டது.
மூலையில் புது நீலத்துக்கடியில்
மயிர்போல ஒரு கோடு.

"ஒரு ஓட்டை போடலாங்களா? உள்பக்கம், அடியில. கட்டைவிரல்கூட நுழையாது."

அவர் ஆற்றைப் பார்த்தார்.
கதவணையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.
"போடுங்க" என்றார், ரொம்ப நேரம் கழித்து.

பச்சியப்பன் டிரில்லை அழுத்தினான்.
முதலில் வெள்ளைத் தூள்.
கண்ணாடி, கை அரிக்கும்.
அப்புறம் மரம் வரணும், காய்ந்த மரம்,
மாவுபோல.
வந்தது காப்பிச்சக்கை.
பிறகு தண்ணீர், கறுப்பாய்,
சொட்டு விட்டுச் சொட்டு.
மோந்து பார்த்தேன்.
சாயக்கிடங்கில் மறந்துபோன நூல்மூட்டை வாசம்.

"போன வாரம் மழைங்க…" ஆரம்பித்தவர்
முடிக்கவில்லை.
நானும் முடிக்கச் சொல்லவில்லை.

திட்டியிருப்பான் கொழுந்தன்,
நான்தான் கையைப் பிடித்தேன்.
ஏனென்றால் அந்த எட்டில் ஏழுதான் எடைக்குப் போனது.
எட்டாவதை ஓடுகிற தறியென்று
பள்ளிபாளையத்து ஆளுக்கு விற்றேன்.
பக்கச்சட்டத்தில் விரிசல்.
எம்-சீல் வைத்துத் தேய்த்து,
மேலே கிரீஸ், அதன்மேல்
மஞ்சள் குங்குமம்.
குங்குமத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான் அவன்.
தட்டிப் பார்க்கவில்லை.

மாட்டுச் சந்தைபோலத் துண்டைப் போட்டுக்கொண்டு
அவரும் கொழுந்தனும் விரல் பிடித்தார்கள்.
துண்டு ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது.
பலகை மாற்ற ஆகும் கூலி,
நடுவில் அந்த ஒரு முழம்,
இன்னும் தட்டாமல் விட்ட இடம் எத்தனையோ.
ஒரு விரல் மடங்கினால் பத்தாயிரம்.
எத்தனை மடங்கியதென்று எனக்குத் தெரியாது.

ஓட்டைக்குக் கீழே ஒரு டீ கிளாஸை வைத்தேன்.
பேரம் முடிகிற வரைக்கும் சொட்டியது.
முக்கால் கிளாஸ்.
யாரும் அதைக் கொட்டவில்லை.